பத்தாம் ஆண்டுக்கு ரோமுலஸ் கதை: "மிஸ், இது உண்மையா?" எண்டு கேட்டா என்ன சொல்லுறது?

ஹரோ ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். லண்டனிலை ஒரு அரச பள்ளிக்கூடத்திலை வரலாறு படிப்பிக்கிறன். வாற செப்டெம்பரிலை இருந்து எங்கட பள்ளிக்கூடத்திலை ஜிசிஎஸ்ஈ பண்டைய வரலாறும் தொடங்குது. ஓசிஆர் எண்ட பரீட்சைச் சபையின்ரை பாடத்திட்டம். அதிலை ரோமுக்கான நீண்ட பகுதி கி.மு. 753 இலை தொடங்கி 440 இலை முடியுது, அதாவது மன்னராட்சியிலை இருந்து குடியரசுக்கு. ஆரிட்டைக் குடுப்பம் எண்டு சுத்திப் பாத்துப்போட்டு என்ரை தலையிலை கட்டியிட்டினம். நான் பல்கலைக்கழகத்திலை படிச்சது முழுக்க இருபதாம் நூற்றாண்டு. ஸ்டாலின் எண்டா நித்திரையிலையும் சொல்லுவன், ரோமின்ரை ரெண்டாவது அரசன் நூமா பொம்பிலியுஸ் ஆரெண்டு போன மாதம்தான் தெரியும்.

விடுமுறைக்கு முதல் ஒன்பதாம் ஆண்டுக்கு ஒரு மாதிரிப் பாடம் செய்து பாத்தன். ஆத்திலை விட்ட இரட்டையர் ரோமுலஸும் ரேமஸும், பால் குடுத்த ஓநாய், தைபர் ஆறு, படம் எல்லாம் போட்டு. கொஞ்ச நேரம் நல்லாத்தான் போச்சு. பிறகு கடைசி வாங்கிலை இருந்து ஒருத்தன்: "மிஸ், இது உண்மையா?" இல்லையடா, பழங்கதை எண்டன். உடனை பேனையெல்லாம் கீழை போயிட்டுது. நடக்காததை ஏன் படிக்கோணும் எண்ட முகம். மற்ற வகுப்பிலை நான் வாயே திறக்கேல்லை. அங்கை எழுதித் தந்ததைப் பாத்தா, 1939 இலை போர் தொடங்கினது எண்டு எழுதிற அதே தொனியிலை, "கி.மு. 753 இல் ரோமுலஸ் ரோமைக் கட்டினார்" எண்டு முற்றுப்புள்ளி வைச்சிருக்கினம்.

இன்னொரு சிக்கல், ட்ரோயிலை இருந்து தப்பி வந்த ஈனியாஸும் வாறார், ரோமுலஸும் வாறார். அப்ப ரோமை ஆர் கட்டினது எண்டு கேப்பினம். அதோடை அயல்நாட்டுச் சபீனரின்ரை பெண்களை ரோமர் தூக்கிக்கொண்டு போன கதை. பெடியளும் பெட்டையளும் கலந்த வகுப்பு, பதினாலு பதினைஞ்சு வயது. சம்மதம் எண்டா என்ன எண்டு போன வருஷம் பாடம் எடுத்த அதே அறையிலை இதை எப்பிடிச் சொல்லுறது?

படிப்பிச்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ. இணையத்திலை கிடக்கிற பவர்பொயின்ற் வேண்டாம். அதெல்லாம் ஓநாய்ப் படத்தைத் தாண்டிப் போறேல்லை.


பென்சன் வாத்தியார்:

தங்கச்சி, லத்தீனும் பண்டைய வரலாறும் இங்கிலாந்திலை படிப்பிச்சு ஓய்வெடுத்தவன் நான். இந்தப் பகுதி எனக்கு விருப்பமானது, அதாலை நீட்டி எழுதுவன், பொறுக்கோணும்.

அந்தக் கடைசி வாங்குப் பெடியனை ரோம வரலாற்றாசிரியர் லிவியிட்டை அனுப்பிவிடுங்கோ. லிவி தன்ரை வரலாற்றின்ரை முன்னுரையிலையே சொல்லிப்போட்டார்: நகரம் உண்டாகிறதுக்கு முந்தின கதையள் கவிஞருக்குத்தான் பொருந்தும், உறுதியான சான்றிலை நிக்கிறதுகள் இல்லை, நான் அதுகளை நிறுவவும் போறேல்லை, மறுக்கவும் போறேல்லை. 2000 வருஷத்துக்கு முதல் ரோம் நகரத்திலை இருந்து எழுதின ஆளுக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கு. "உன்ரை கேள்வி லிவியின்ரை கேள்வி" எண்டு சொல்லுங்கோ, பெடியன் நிமிந்து இருப்பான்.

அதுக்குப் பிறகு நீங்கள் வருஷம் முழுக்கக் கேக்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி. இந்தக் கதை ஆருக்கு, எப்ப தேவைப்பட்டது? இதுக்குப் பெயரோடையும் திகதியோடையும் விடை இருக்கு. நடந்ததோ இல்லையோ எண்டு இழுபடத் தேவையில்லை.

அதாலைதான் நான் ஒருநாளும் ஓநாயிலை தொடங்கிறேல்லை. யூலியஸ் சீசரின்ரை வெள்ளிக்காசிலை தொடங்குவன். கி.மு. 47, 46 அளவிலை அடிச்சது. ஒரு பக்கம் வீனஸின்ரை தலை. மற்றப் பக்கம் ஒரு ஆம்பிளை, தோளிலை கிழவன் ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், கையிலை ஒரு சின்னச் சிலை. பக்கத்திலை சீசர் எண்ட பெயர். பெரிசாக்கித் திரையிலை போட்டிட்டுப் பேசாமல் இருங்கோ. கிழவன் ஆர், ஏன் தூக்குறார், காசிலை ஏன் இந்தப் படம் எண்டு தாங்களே கேப்பினம். அதுக்குப் பிறகு ட்ரோய் எரிஞ்ச கதையைச் சொல்லுங்கோ. ஈனியாஸ், தகப்பன் அங்கைசஸ், தாய் வீனஸ், மகன் அஸ்கானியஸ். அந்த மகனுக்கு யூலுஸ் எண்டு இன்னொரு பெயர், அதிலை இருந்துதான் தங்கட யூலியக் குடும்பம் எண்டு சீசர் வீட்டாக்கள் சொன்னவை. கி.மு. 69 இலை சீசர் தன்ரை மாமி யூலியாவின்ரை செத்தவீட்டிலை பேசேக்கை, மாமியின்ரை தாய்வழி அரசர் வழி, தகப்பன்வழி தெய்வ வழி எண்டு பகிரங்கமாச் சொன்னதைச் சுவெடோனியஸ் எழுதி வைச்சிருக்கிறார். செத்தவீட்டிலையும் அரசியல்தான். இது எங்கட ஆக்களுக்குச் சொல்லித்தான் விளங்கவேணும் எண்டில்லை.

ரோமை ஆர் கட்டினது எண்ட கேள்விக்குக் கணக்குப் போடுங்கோ. ரெண்டு கதை தனித்தனியா இருந்தது, ஒண்டாத் தைச்சிருக்கினம், தையல் இன்னும் தெரியுது. நேவியஸ், என்னியஸ் எண்ட பழைய கவிஞர் ரெண்டு பேரும் ரோமுலஸை ஈனியாஸின்ரை பேரன் ஆக்கினவை. சரி, நேர்த்தியான கதை. ஆனா எரட்டோஸ்தனீஸ் எண்ட கிரேக்க அறிஞர் ட்ரோய் விழுந்தது கி.மு. 1184 எண்டு கணக்குப் பாத்திட்டார். ரோம் உண்டான ஆண்டாப் பிறகு நிலைச்சது வாரோ எண்ட ரோம அறிஞரின்ரை 753. கழிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ: 431. எந்தப் பேரனும் தாத்தாவுக்கு 400 வருஷம் பிந்திப் பிறக்கேலாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அல்பா லோங்கா எண்ட ஊரும் அதின்ரை அரசர் வரிசையும் வேலைக்கு வந்தது. லிவியின்ரை பட்டியலிலை ஆத்திலை தாண்டு ஆத்துக்குப் பெயர் குடுத்த அரசன் ஒருத்தன், குன்றிலை புதைபட்டுக் குன்றுக்குப் பெயர் குடுத்தவன் இன்னொருத்தன். எங்கை இருந்து பெயர் பிடிச்சவை எண்டு பிள்ளையள் தாங்களே கண்டுபிடிச்சுச் சிரிப்பினம்.

அதே பாடத்திலை ஏழு அரசரையும் போடலாம். லிவி ஆட்சி வருஷம் குடுக்கிறார்: ரோமுலஸ் 37, நூமா 43, துல்லுஸ் 32, அங்குஸ் 24, முதல் தார்குவின் 38, செர்வியுஸ் 44, கடைசித் தார்குவின் 25. இடையிலை அரசனில்லாத வருஷம் ஒண்டு. மொத்தம் 244. ஏழாலை பிரிச்சா ஒருத்தருக்குக் கிட்டத்தட்ட 35. இனி 1066 தொடக்கம் 2022 வரை இங்கிலாந்தை ஆண்டவையை எண்ணச் சொல்லுங்கோ. 40 பேர் வருவினம் (வில்லியமும் மேரியும் சேந்து ஆண்டதை ஒண்டா எண்ணி), ஆளுக்கு 24 வருஷம்தான். ரோமின்ரை ஏழு பேரிலையோ ஒருத்தர் புயலுக்கை மறைஞ்சவர், ஒருத்தர் மின்னல் விழுந்து போனவர், ரெண்டு பேர் கொலையுண்டவை, ஒருத்தர் துரத்துப்பட்டவர். அமைதியாச் செத்தது ரெண்டே ரெண்டு பேர். இப்பிடியான அரசர் சராசரி 35 வருஷம் ஆண்டவையோ? இந்தக் கணக்கைச் செய்த வகுப்பிலை ஒருத்தரும் 753க்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு முற்றுப்புள்ளி வைக்கமாட்டினம்.

ரேமஸின்ரை சாவுக்கு வகுப்பை ரெண்டாப் பிரிப்பன். லிவி ரெண்டு விதமாச் சொல்லுறார். பறவைச் சகுனம் பாத்ததிலை ரேமஸுக்கு முதலிலை ஆறு கழுகு, ரோமுலஸுக்குப் பிறகு பன்னிரண்டு. முந்தினவனோ கூடக் கண்டவனோ எண்டு அடிபாடாகி அந்தக் கூட்டத்துக்கை செத்தான் எண்டது ஒண்டு. புது மதிலைப் பகிடியாப் பாய்ஞ்சு கடந்தான், ரோமுலஸே கொலை செய்துபோட்டு "என்ரை மதிலைத் தாண்டிற எவனுக்கும் இதுதான்" எண்டான், இது மற்றது. ஒரு பாதிக்கு ஒண்டு, மற்றப் பாதிக்கு மற்றது. என்ன நடந்தது எண்டு எழுதச் சொல்லிப்போட்டு மாத்தி வாசிக்க விடுங்கோ. சண்டை வரும், வரட்டும். முடிவிலை கேளுங்கோ: தங்கட ஊரின்ரை தகப்பன் சகோதரனைக் கொலை செய்தவன் எண்ட கதையை ஏன் ஒரு சனம் அழிக்காமல் வைச்சிருந்தது? உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலை ஹொராஸ் எழுதின ஒரு பாட்டிலை, ரோமர் ஒருத்தரையொருத்தர் கொல்லுறது ரேமஸின்ரை இரத்தத்தின்ரை சாபம் எண்டு வருது. கி.மு. 27 இலை சீசரின்ரை வாரிசு ஒக்தேவியனுக்குப் புதுப் பெயர் தேடேக்கை ரோமுலஸ் எண்ட பெயரும் பேச்சிலை இருந்தது, கடைசியிலை அகுஸ்துஸ் எண்டுதான் வைச்சவை. ஏன் எண்டு பிள்ளையள் சொல்லட்டும்.

புகலிடக் கதையையும் விட்டிடாதேங்கோ. கபிதோல் குன்றிலை ஒரு இடத்தைத் திறந்து விட்டு, அடிமையோ சுதந்திரனோ எண்டு பாக்காமல் வந்தவையை எல்லாம் ரோமுலஸ் சேத்தார் எண்டு லிவி. கி.பி. 48 இலை கிளாவ்டியுஸ் பேரரசர், கால் நாட்டுப் (இப்பத்தைய பிரான்ஸ் பக்கம்) பெரியவையைச் செனற்றிலை சேக்கோணும் எண்டு பேசேக்கை பழைய அரசரைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டவர்: நூமா சபீனன், தார்குவினின்ரை தகப்பன் கொரிந்துக்காரன் எண்டு. அந்தப் பேச்சு வெட்டின வெண்கலத் தகடு 1528 இலை லியோனிலை கிடைச்சது. உங்கட வகுப்பிலை எத்தினை நாட்டுப் பிள்ளையள் இருப்பினம் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் விளக்கம் சொல்லாதேங்கோ, தகட்டைக் காட்டினாக் காணும்.


ரெடிங் அம்மா:

வாத்தியார் ஐயா எழுதினது சுவாரசியமா இருந்துச்சு. ஆனா ஒரு அம்மாவா கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. என் பையனும் இந்தப் பாடம்தான் எடுத்திருக்கான். வீட்ல வந்து கர்ணன் ஆத்துல மிதந்து வந்தான், மோசஸ் மிதந்து வந்தார், ரோமுலஸும் மிதந்து வந்தான்னு ஒரு சார்ட் போட்டு மாட்டியிருக்கான். அழகாத்தான் இருக்கு. இருந்தாலும் கதை, கதைக்குப் பின்னாடி யார் அரசியல், இதுலயே பாதி டெர்ம் போயிடும் போல இருக்கே. மண்ணைத் தோண்டி என்ன கிடைச்சுதுன்னு நேரா தொல்லியல்ல ஆரம்பிச்சா என்ன?


பலெர்மோ பெடியன்:

அக்கா, நான் வளர்ந்தது பலெர்மோவில். இங்கே சின்ன வகுப்பிலேயே ஏழு அரசர் பெயரையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். பிறகு உயர்பள்ளியில் வேர்ஜிலின் ஈனியாஸ் காவியத்தை இத்தாலிய மொழியில் வாசிக்க வேண்டும். அதனால் என் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

தொல்லியலில் தொடங்கினாலும் கதை விடாது. ரோமில் பலத்தீன் குன்றின் ஒரு மூலையில் பாறையில் வட்ட வட்டமாகக் குழிகள் வெட்டியிருக்கும். இரும்புக்காலக் குடிசைகளின் கம்பம் நட்ட குழிகள் அவை. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 753 என்று எழுதிய கல் எதுவும் அங்கே இல்லை, அரசன் வீடு என்றும் இல்லை. 1980களின் கடைசியில் ஆந்திரேயா கரந்தீனி என்ற தொல்லியலாளர் அதே குன்றின் அடிவாரத்தில் ஒரு பழைய மதிலைக் கண்டுபிடித்தார். காலம் எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. உடனே அது ரோமுலஸின் மதில் ஆகிவிட்டது. மதில் இருக்கிறது, காலமும் பொருந்துகிறது, அதற்காக ரோமுலஸ் இருந்தான் என்று ஆகுமா என்று மற்ற அறிஞர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2007இல் அகுஸ்துஸ் மாளிகைக்குக் கீழே அலங்கார வேலைப்பாடுள்ள ஒரு குகையைக் கமராவை இறக்கிப் பார்த்துவிட்டு, ஓநாய் பால் கொடுத்த லுபர்காலே இதுதான் என்று அறிவித்தார்கள். தொலைக்காட்சியில் பெரிய கொண்டாட்டம். அது வெறும் நீர்மண்டபம் என்று சொல்பவர்களும் உண்டு. மண்ணைத் தோண்டுகிறவர்களின் தலைக்குள்ளும் லிவி உட்கார்ந்திருக்கிறார் அக்கா.

ரீச்சருக்கு ஒன்று. அந்த வெண்கல ஓநாய்ப் படத்தைப் போட்டே ஆகவேண்டும் என்றால், குழந்தைகளைக் கையால் மறைத்துப் போடுங்கள். கபிதோல் அருங்காட்சியகத்தில் இருக்கிற அந்தச் சிலையை 1471இல் நான்காம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் ரோம் மக்களுக்குக் கொடுத்தார். கீழே இருக்கிற இரண்டு குழந்தைகளும் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் சேர்த்தவை. ஓநாய் ரோமருக்கு அயலில் வாழ்ந்த எத்ருஸ்கர் செய்தது, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு என்று நெடுங்காலம் சொன்னார்கள். பின்னால் நடந்த சோதனைகள் அது இடைக்காலத்து வார்ப்பு என்கின்றன, வாதம் ஓயவில்லை. நிச்சயமான பழைய படம் வேண்டுமென்றால் கி.மு. 269 அளவில் அடித்த வெள்ளிக்காசு இருக்கிறது, அதில் ஓநாயும் இரட்டையரும் தெளிவாகத் தெரியும். அதற்கு முன் 296இல் ஒகுல்னியுஸ் சகோதரர் இருவர் இரட்டையர் கரை ஒதுங்கியதாகச் சொல்லப்பட்ட அத்திமரத்துக்குப் பக்கத்தில் ஓநாயின் கீழ் இரட்டையர் சிலை வைத்ததாக லிவி சொல்கிறார். வட்டிக்காரரிடம் வாங்கிய அபராதப் பணத்தில்!

வாத்தியாரின் "ஆருக்குத் தேவைப்பட்டது" கேள்விக்கு எங்கள் தீவே ஒரு பதில். வேர்ஜிலில் அங்கைசஸ் சாகிற இடம் இங்கே திராபனி. அதற்குப் பக்கத்தில் செகெஸ்தா, இன்றும் கூரையில்லாத பெரிய கோயில் நிற்கிறதே, அந்த ஊர். ட்ரோயிலிருந்து தப்பியவர்கள் இந்தப் பக்கம் குடியேறினார்கள் என்று வேர்ஜிலுக்கு ஏறக்குறைய 400 வருஷத்துக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவிட்டார். முதல் கார்த்தேஜ் போரில் செகெஸ்தாக்காரர் ரோமர் பக்கம் சாய்ந்தபோது, நாமும் ஈனியாஸ் வழி, நீங்களும் ஈனியாஸ் வழி என்று உறவு கொண்டாடினார்கள். சீசர் காசுக்கு 200 வருஷம் முன்பே இந்தக் கதை தூது போயிருக்கிறது.


ரெடிங் அம்மா:

கம்பக்குழி போட்டோ இருந்தா அனுப்புங்க தம்பி, பையன்கிட்ட காட்டறேன். சார்ட்ல இடம் இருக்கு.


ஹரோ ரீச்சர்:

வாத்தியார், பலெர்மோத் தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. காசிலை தொடங்கிறது எண்டு முடிவு. 431 கணக்கை முதல் கிழமையே வைக்கப்போறன், எங்கட கணித ரீச்சர் கேட்டிட்டுச் சந்தோசப்பட்டா. அந்த ஒகுல்னியுஸ் சகோதரர் ஆர் எண்டு தேடிப் பாத்தன்: கி.மு. 300 இலை பிளீபியர் எண்ட பொதுமக்களுக்குக் குருமார் பதவியளைத் திறந்துவிட்ட சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே ரெண்டு பேர்தானாம். உயர்குடியும் பிளீபியரும் எண்டு ரெண்டு பங்காளியள் உள்ள நகரத்துக்கு ரெண்டு குழந்தையள் எண்டு சில அறிஞர் வாதாடினம். எல்லாரும் ஏற்கேல்லை, ஆனா வகுப்பிலை விவாதத்துக்கு நல்லாயிருக்கும்.

ஆனா சபீனப் பெண்கள் விசயத்தை ரெண்டு பேரும் நைசாத் தாண்டிப் போயிட்டியள்.


பென்சன் வாத்தியார்:

தாண்டேல்லை தங்கச்சி, தனியா எழுதுவம் எண்டு வைச்சிருந்தன்.

முதல், பாடத்துக்கு முந்தின நாளே இன்னது வாசிக்கப்போறம் எண்டு வகுப்புக்குச் சொல்லுங்கோ. பிள்ளையளின்ரை நலன் பாக்கிறவருக்கும் ஒரு சொல் போட்டு வையுங்கோ. அந்த வகுப்பிலை ஆருக்கு என்ன நடந்திருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாது. சிரிச்சுக்கொண்டு சொல்லவே கூடாது. பழைய பாடப்புத்தகங்கள் இதை ஏதோ கலியாணக் கலாட்டா மாதிரி எழுதினவை, எனக்கு அதிலை ஒருநாளும் உடன்பாடில்லை. கடத்தல் எண்டா கடத்தல் எண்டே சொல்லுங்கோ.

அதுக்குப் பிறகு லிவியின்ரை முதல் புத்தகத்திலை ஒன்பதாம் பகுதி. அயலூருகள் பெண் குடுக்க மறுக்கினம். ரோமுலஸ் கொன்சுவாலியா விளையாட்டு விழா எண்டு கூப்பிட்டு, நடுவிலை சைகை காட்டுறார், பெடியள் பாய்ஞ்சு தூக்கினம். பெற்றோர் ஓடினம். அதுக்குப் பிறகு ரோமுலஸ் ஒவ்வொருத்தியிட்டையும் போய், பிழை உங்கட தகப்பன்மாரின்ரை பெருமையிலைதான், உங்களுக்குக் கலியாணமும் குடியுரிமையும் பிள்ளையளும் கிடைக்கும் எண்டு சொல்லுறார். இந்த இடத்திலை பென்சிலைக் குடுத்து, ஆர் கதைக்கினம், ஆர் கதைக்கேல்லை எண்டு கோடு போடச் சொல்லுங்கோ. ஒரு பெண்ணின்ரை குரலும் அந்தப் பேச்சிலை இல்லை எண்டதைத் தாங்களே கண்டுபிடிப்பினம், நீங்கள் சொல்ல வேண்டி வராது. ரோமுலஸின்ரை சாக்கை ஒரு பெட்டை வரி வரியாப் பிரிச்சு எறிஞ்சதை நான் பாத்திருக்கிறன். சம்மதப் பாடத்தின்ரை சொற்களை அவையே கொண்டு வருவினம்.

அடுத்து பதின்மூண்டாம் பகுதி. சபீனர் படையோடை வந்திட்டினம். இப்பத்தான் பெண்கள் கதைக்கினம்: தகப்பன்மாருக்கும் புருசன்மாருக்கும் நடுவிலை, பறக்கிற ஈட்டிக்குள்ளை ஓடிவந்து, கோபமெண்டா எங்களிலை காட்டுங்கோ, போருக்குக் காரணம் நாங்கள்தான் எண்டு. அவையின்ரை வாயிலை லிவி இதை ஏன் வைக்கிறார்? மாமனும் மருமகனும் சண்டைபிடிக்கிற கதை எண்டா, உள்நாட்டுப் போரிலை மோதின பொம்பேயும் சீசரும் அப்பிடித்தான் உறவு, பொம்பே சீசரின்ரை மகளைக் கட்டினவர். லிவி அந்தப் போர்க்காலத்துப் பிள்ளை. ஆருக்குத் தேவைப்பட்டது எண்டு இதிலையும் கேக்கலாம்.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கையும் ஒருக்கா எடுங்கோ. எத்தினை பெண்கள் எண்டதுக்கு அவர் மூண்டு கணக்குக் குடுக்கிறார்: 30, 527, 683. எந்த எண் நம்பத் தோணுது எண்டு கேட்டா, முக்கால்வாசிப்பேர் 527ஓ 683ஓ தான் சொல்லுவினம், பத்து, நூறு எண்டு வட்டமான எண்ணா இல்லாததாலை. அதிலை இருந்து நல்ல வாக்குவாதம் வரும்.

படம் வேணுமெண்டா பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1799 இலை முடிச்ச ஓவியத்தைப் போடுங்கோ, பெண்கள் நடுவிலை நிண்டு மறிக்கிற காட்சி. புரட்சியின்ரை கொலையள் முடிஞ்ச கையோடை, சிறையிலை இருக்கேக்கை அந்த யோசனை பிடிச்சவர் டேவிட். 1799 இலை பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் கதை ஏன் வேணும் எண்டு வீட்டுவேலை குடுக்கலாம். அதிலை ஆம்பிளையள் உடுப்பில்லாமல் நிக்கினம், திரையிலை போட முதலே சொல்லி வையுங்கோ, இல்லாட்டி பத்து நிமிஷம் போயிடும்.

சபீனரைக் கோட்டைக்குள்ளை விட்ட ரோமப் பெட்டை தார்பேயாவை அந்தக் கிழமை தொடாதேங்கோ. அவளுக்குத் தனிப்பாடம் வேணும்.